பச்சை விளக்கும் வாசல் வரை வரிசையும்: ஒரு காவடிப் பதிவுச் செயலியைப் பழுதுபார்த்த குறிப்புகள்

2025 ஜனவரி 18, சனிக்கிழமை மாலை ஆறு மணி. தென்னாப்பிரிக்காவின் டர்பனில் நாங்கள் போகும் கோயிலின் தைப்பூசக் காவடிப் பதிவு முதல் தடவையாக இணையத்தில் திறந்தது. ஆறு பத்துக்கு, பதிவைக் கவனித்துக்கொள்ளும் அக்கா என்னைக் கூப்பிட்டார்.

"தம்பி, பக்கம் சுத்திக்கிட்டே இருக்குதாம். சாட்ஸ்வொர்த்துல இருந்து மட்டும் பத்து பேர் போன் பண்ணிட்டாங்க. இங்க ஆபீஸ் வாசல் வரைக்கும் ஆளு நிக்குது."

செயலியின் நிலையைக் காட்டும் டாஷ்போர்டைப் பார்த்தேன். எல்லாம் பச்சை. சிபியு 13 சதவீதம். நினைவகத்தில் பாதிக்கு மேல் மிச்சம். சராசரி மறுமொழி நேரம் முக்கால் வினாடி. கூட்டமான மாலைக்கு அது மோசமில்லை. "அக்கா, இங்க எல்லாம் சரியாத்தான் காட்டுது" என்றேன். வரிசையில் நிற்பவர்களின் முகத்தைப் பார்த்துக்கொண்டு பேசுகிறவரிடம் அப்படிச் சொன்னது இன்றைக்கும் உறுத்துகிறது. அன்று இரவு 23 குடும்பங்களுக்கு இரண்டிரண்டு எண்கள் விழுந்திருந்தன. எண்ணே கிடைக்காமல் போனவர்கள் எத்தனை பேர் என்பது எந்தக் கணக்கிலும் இல்லை.

மொரீஷியஸில் தைப்பூசம் அரசு விடுமுறை. இங்கே அப்படி இல்லை. காவடி எடுப்பவர் கொடியேறிய நாளிலிருந்து விரதம் இருப்பார், வேலைக்கும் போவார். பதிவு எண் கிடைத்து, எந்த நேரத்துக்குக் கோயிலுக்கு வரவேண்டும் என்று தெரிந்தால்தான் முதலாளியிடம் சொல்ல முடியும், ஜோகன்னஸ்பர்க்கிலிருக்கும் மகனை வரச்சொல்ல முடியும். அந்த எண் அவர்களுக்கு வெறும் டோக்கன் இல்லை. அதனால்தான் இதை மறுவருடத்துக்குள் சரியாக்கிவிட வேண்டும் என்று உட்கார்ந்தேன். சனி, ஞாயிறு, அலுவலகம் முடிந்த சில இரவுகள் எனக் கிட்டத்தட்ட ஒரு வருடம் ஆனது. பல கணினிகளில் செயலிகளைப் பரப்பி நிர்வகிக்கும் மென்பொருளான குபெர்னெட்டிஸில் செயலி ஓட்டுபவர்களில் பலர் இதே இடத்தில் இடறுவார்கள் என்று நினைக்கிறேன்.

செயலி பெரியதல்ல. முகப்புப் பக்கம் ஒன்று. பெயர், பகுதி, காவடியா பால்குடமா ரதம் இழுப்பதா என்பதை வாங்கிக்கொண்டு எண் தருகிற பதிவுச் சேவை ஒன்று, கோ மொழியில் எழுதியது. க்யூஆர் குறியோடு பிடிஎஃப் சீட்டு அச்சடிக்கும் ரசீதுச் சேவை ஒன்று, ஜாவாவில். பின்னால் போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம். நான்கு கோர் கொண்ட நோடு, அதாவது கணினி, இரண்டில் இவையெல்லாம் பாட்களாக ஓடின. பாட் என்பது குபெர்னெட்டிஸ் ஒன்றாக எழுப்பி நிறுத்தும் ஒரு சிறு பொதி. இடம், அமேசான் கிளவுடின் கேப்டவுன் மையம். அந்த மையம் 2020 ஏப்ரலில்தான் திறந்தது. ஆனால் கேப்டவுனுக்கும் கிளவுடுக்கும் உள்ள உறவு அதைவிடப் பழையது. 2006 ஆகஸ்டில் வெளிவந்த இசி2 என்ற அமேசானின் வாடகைக் கணினிச் சேவையைக் கட்டியதே கேப்டவுனில் கிறிஸ் பிங்கம் தலைமையில் உட்கார்ந்திருந்த ஒரு சிறு குழுதான். இங்கிருக்கும் பிள்ளைகளுக்குக் கணினி வகுப்பெடுக்கும்போது நான் இதைச் சொல்லத் தவறுவதில்லை.

பதிவு ஒரே மூச்சில் திறப்பதில்லை. ஆறு மணிக்கு ஃபீனிக்ஸ், ஆறு ஐந்துக்கு சாட்ஸ்வொர்த், ஆறு பத்துக்கு மெர்பேங்க் என ஐந்து நிமிடத்துக்கு ஒரு பகுதியாக வாட்ஸ்அப் குழுக்களில் செய்தி போகும். நெரிசலைக் குறைக்கத்தான் அந்த ஏற்பாடு. அதுவே பின்னால் என் கண்ணை மறைத்தது.

முதல் மூன்று வாரம் தப்பான இடங்களைத் தோண்டினேன். தரவுத்தளத்தைத்தான் முதலில் சந்தேகப்பட்டேன். எல்லாரும் அதைத்தான் சந்தேகப்படுவார்கள். மெதுவான வினவல்களின் பதிவைத் திறந்தால் அன்று மாலை முழுவதும் 40 மில்லிவினாடியைத் தாண்டிய வினவல் ஒன்றுகூட இல்லை. அடுத்து பிணையம். டர்பனில் என் வீட்டிலிருந்து கேப்டவுனுக்குப் போய்வர 30 மில்லிவினாடிக்குள்தான் ஆகிறது. கைப்பேசி டேட்டாவில் இன்னும் கொஞ்சம் கூடும். பக்கம் அரை நிமிடம் சுற்றுவதற்கு அது காரணமாக முடியாது.

மூன்றாவதாக நினைவகம். ரசீது பாட் அன்று மாலை நான்கு முறை மறுதொடக்கம் ஆகியிருந்தது. வெளியேறும் குறியீடு 137. எனக்கு அதைப் பார்த்ததும் நினைவகம் போதாமல் இயங்குதளத்தின் மையமான கெர்னல் கொன்றுவிட்டது என்றுதான் பட்டது. அளவை 512 எம்பியிலிருந்து 1 ஜிபி ஆக்கினேன், பிறகு 2 ஜிபி. பயனில்லை. 137 என்பது 128 கூட்டல் 9. ஒன்பதாம் எண் சமிக்ஞையால், அதாவது உடனடிக் கொலையால் செத்தது என்று மட்டுமே அதற்குப் பொருள். கொன்றது யார் என்பதைக் குறியீடு சொல்லாது, காரணம் என்ற வேறு புலத்தில் பார்க்க வேண்டும். நினைவகம் மீறியிருந்தால் 'ஓஓஎம்கில்டு' என்று அங்கே இருக்கும். எங்களுடையதில் வெறும் 'எரர்' என்றிருந்தது. அந்த ஒரு சொல்லை நான் மூன்று வாரம் படிக்கவில்லை. கொன்றவர் யார் என்பது பின்னால் வருகிறது.

ஏப்ரலில் ஒழுங்காக ஆரம்பித்தேன். அந்த மாலையை மறுபடி நடத்திப் பார்க்காமல் எதையும் நம்பப்போவதில்லை என்று முடிவு. வெளியிலிருந்து வரும் கோரிக்கைகளை முதலில் வாங்கும் நுழைவாயில் சேவையின் பதிவுக் கோப்பு பத்திரமாக இருந்தது. எந்த வினாடியில் எத்தனை பேர் பொத்தானை அழுத்தினார்கள் என்று அதிலிருந்து எடுத்து, கே6 என்ற சுமைச் சோதனைக் கருவியில் அதே வரிசையில் அனுப்பும்படி எழுதினேன். இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது. சுமைச் சோதனைக் கருவிகளை இரண்டு விதமாக ஓட்டலாம். ஒரு கோரிக்கைக்குப் பதில் வந்தபிறகு அடுத்ததை அனுப்புவது ஒன்று. பதில் வந்தாலும் வராவிட்டாலும் குறித்த நேரத்தில் அனுப்பிக்கொண்டே இருப்பது மற்றொன்று. முதல் முறையில் சேவை திணறினால் கருவியும் தன்னால் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், முடிவு நல்லபடியாகத் தெரியும். சாட்ஸ்வொர்த்தில் இருக்கும் பாட்டி, ஃபீனிக்ஸில் இருப்பவருக்குப் பதில் வந்துவிட்டதா என்று பார்த்துவிட்டுப் பொத்தானை அழுத்தப் போவதில்லை. இரண்டாவது முறைதான் நிஜம்.

மறுநடத்தலை ஓட்டியதும் பக்கம் சுற்றியது. அதைப் பார்த்து அன்று நான் அடைந்த நிம்மதி பெரியது. டாஷ்போர்டு அப்போதும் பச்சையாகவே இருந்தது.

அந்தப் பச்சையைத் தோலுரிக்க ஒரு முழு வாரக்கடைசி போனது. சராசரி மறுமொழி நேரம் எதன் சராசரி? ஒருவர் பக்கத்தைத் திறந்தால் படம், எழுத்துரு, பாணிக்கோப்பு எனச் சுமார் முப்பது சின்னக் கோரிக்கைகள் போகும். எல்லாம் சில மில்லிவினாடியில் முடியும். முப்பத்தொன்றாவதாகப் போகும் பதிவுக் கோரிக்கைதான் அவர் காத்திருப்பது. முப்பது வேகமானவற்றோடு ஒரு இருபது வினாடியைச் சேர்த்து வகுத்தால் முக்கால் வினாடிக்குக் கீழே வந்துவிடுகிறது. இன்னொன்றும் இருந்தது. நேரத்தை அளந்தது பாட் உள்ளேயே. வேலை முடிந்தபிறகுதான் எண்ணிக்கையில் சேரும். பாதியில் செத்த பாட்டோடு அதன் கணக்கும் செத்தது. மிக மோசமாகக் காத்திருந்தவர்கள் கணக்கிலேயே வரவில்லை. அதனால் அளக்கும் இடத்தை நுழைவாயிலுக்கு மாற்றினேன், பதிவுக் கோரிக்கையை மட்டும் தனியாகப் பிரித்தேன்.

சராசரியை விட்டுவிட்டு 99-ஆம் சதமானத்தை வரைந்தேன். நூறு பேரில் மிக அதிகம் காத்திருந்த ஒருவரின் நிலை என்று வைத்துக்கொள்ளலாம். கோடு எழுந்தது, 10 வினாடியில் போய் ஸ்கேல் வைத்து இழுத்தாற்போல நேராக நின்றது. இயற்கையில் எதுவும் அப்படி நிற்காது. அளவீடுகளைச் சேகரித்து வைக்கும் கருவியான ப்ராமிதியஸ் ஒவ்வொரு நேரத்தையும் தனியாக வைத்துக்கொள்வதில்லை. கால் வினாடிக்குள் எத்தனை, ஒரு வினாடிக்குள் எத்தனை என்று கூடைகளில் போட்டு எண்ணும். பல நூலகங்களில் இயல்பாக வரும் கடைசிக் கூடை 10 வினாடி. அதைத் தாண்டியதெல்லாம் முடிவிலிக் கூடைக்குப் போகும், சதமானம் கேட்டால் 10 என்றே பதில் வரும். பதினைந்து, இருபது, முப்பது, நாற்பத்தைந்து, அறுபது என்று கூடைகளைச் சேர்த்தபிறகு உண்மையான எண் வந்தது. 38 வினாடி.

முப்பத்தெட்டு வினாடி ஒருவர் கைப்பேசியைப் பிடித்துக்கொண்டு சுற்றும் வட்டத்தைப் பார்த்திருக்கிறார். அக்காவை அழைத்துச் சொன்னேன். "இதத்தானே தம்பி அன்னைக்குச் சொன்னேன்" என்றார். கோபமில்லாமல்தான் சொன்னார்.

அந்த 38 வினாடி எங்கே போனது? ஓப்பன்டெலிமெட்ரியைச் செயலிக்குள் சேர்த்தேன். ஓப்பன்ட்ரேசிங், ஓப்பன்சென்சஸ் என்ற இரண்டு திட்டங்கள் 2019-இல் ஒன்றாகிப் பிறந்தது அது. ஒரு கோரிக்கை எந்தச் சேவைக்குள் எப்போது நுழைந்து எப்போது வெளியே வந்தது என்று பட்டைபட்டையாகக் காட்டும். அந்தத் தடத்துக்கு ட்ரேஸ் என்று பெயர். பதிவுச் சேவை தன் வேலையை 60 மில்லிவினாடியில் முடித்துவிட்டு ரசீதுக்காகக் காத்துக் கிடந்தது. ஆக, குற்றவாளி ரசீதுச் சேவை. ஆனால் தனியாக ஒரு ரசீது அடித்தால் 200 மில்லிவினாடிதான் ஆகிறது. அதன் உள்வேலைகளையும் பட்டைகளாகப் பிரித்தேன். அப்போது தெரிந்ததை விநோதம் என்றுதான் சொல்ல வேண்டும். எழுத்துருவை ஏற்றுவது, எழுத்துகளைக் கோப்பது, க்யூஆர் வரைவது எனச் சம்பந்தமே இல்லாத வேலைகள் எல்லாம் ஒரே சீராக மெதுவாகியிருந்தன. 12 மில்லிவினாடி வேலை 100 ஆகியிருந்தது. வேலையை அடுக்கிப் பார்த்தால் கொஞ்சம் ஓட்டம், பிறகு வெறுமை, கொஞ்சம் ஓட்டம், மறுபடி வெறுமை. அந்த வெறுமை நேரத்தில் யாரையும் அழைக்கவில்லை, எதையும் படிக்கவில்லை. யாரோ கையைப் பிடித்து நிறுத்திவைத்தது மாதிரி இருந்தது.

பிடித்து நிறுத்தியது லினக்ஸ் கெர்னல்தான், அதுவும் நானே இட்ட கட்டளைப்படி.

பாட் ஒவ்வொன்றுக்குள்ளும் ஓடும் கன்டெய்னர் என்பது தனிக் கணினி அல்ல. கெர்னலின் சிகுரூப் வசதியால் வேலி கட்டப்பட்ட சில செயல்முறைகள், அவ்வளவுதான். கூகுள் பொறியாளர்கள் 2006-இல் தொடங்கிய அந்த வேலை 2008-இல் வந்த 2.6.24 கெர்னலில் சேர்ந்தது. சிபியு நேரத்துக்கு உச்சவரம்பு வைக்கும் வசதி 2012-இல் 3.2 கெர்னலோடு வந்தது. குபெர்னெட்டிஸில் லிமிட் என்று எழுதும்போது நாம் கேட்பது இந்த வசதியைத்தான். ரசீதுச் சேவைக்கு நான் அரை கோர் லிமிட் வைத்திருந்தேன். 'அரை கோர்' என்றதும், பாதி வேகத்தில் ஓடும் ஒரு கோர் என்றுதான் மனம் படம் போட்டுக்கொள்ளும். நடப்பது வேறு. கெர்னல் 100 மில்லிவினாடியை ஒரு சுற்றாக வைத்துக்கொள்கிறது. ஒவ்வொரு சுற்றுக்கும் நமக்கு 50 மில்லிவினாடி படியளக்கிறது. ஒரு செயல்முறைக்குள் இணையாக ஓடும் வேலைகளை இழைகள் என்பார்கள். அந்தப் படியை எத்தனை இழைகள் சேர்ந்து தின்றாலும் படி ஒன்றுதான். நான்கு கோரில் நான்கு இழைகள் ஒரே நேரத்தில் ஓடினால் பன்னிரண்டரை மில்லிவினாடியில் படி தீர்ந்துவிடும். மிச்ச எண்பத்தேழரை மில்லிவினாடி, நோடு சும்மா கிடந்தாலும், எல்லா இழைகளும் கைகட்டி நிற்க வேண்டும். இதைத்தான் த்ராட்டில் செய்வது என்கிறார்கள். ட்ரேஸில் நான் பார்த்த வெறுமை அதுதான்.

கணக்கைத் தாளில் போட்டுப் பார்த்தேன். ஒரு ரசீதுக்கு 200 மில்லிவினாடி சிபியு வேலை. சாட்ஸ்வொர்த்துக்குச் செய்தி போனதும் ஏறக்குறைய நூறு பேர் ஒரே சமயத்தில் அழுத்துகிறார்கள். மொத்தம் 20 வினாடி சிபியு வேலை. அரை கோர் படியில் அதை முடிக்க 40 வினாடி. இதோ என் 38 வினாடி. லிமிட் இல்லாமல் நான்கு கோரையும் விட்டிருந்தால் 5 வினாடி. இப்போது டாஷ்போர்டின் பக்கம் வாருங்கள். அது ஐந்து நிமிடச் சராசரி வரைகிறது. 300 வினாடியில் 20 வினாடி வேலை என்றால் 0.067 கோர். அரை கோரில் அது 13 சதவீதம். அன்று மாலை நான் பச்சையில் பார்த்த அதே 13. டாஷ்போர்டு பொய் சொல்லவில்லை. 40 வினாடி மூச்சுமுட்டலையும் 260 வினாடி ஓய்வையும் சேர்த்து வகுத்து எனக்குக் கொடுத்திருக்கிறது. இந்தக் கணக்கு முடிந்தபோது இரவு ஒரு மணி. தாளை மடித்து வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

சராசரிக்கான இடைவெளியை ஒரு நிமிடமாகக் குறைத்தால் போதுமா? போதாது. ப்ராமிதியஸ் 15 வினாடிக்கு ஒருமுறைதான் எங்கள் பாட்களை வந்து பார்க்கிறது. 100 மில்லிவினாடிக்குள் நடக்கும் நிறுத்தம் அதன் கண்ணில் எப்படிப் படும்? இதற்குக் கெர்னலே ஒரு கணக்கு வைத்திருக்கிறது. மொத்தம் எத்தனை சுற்று ஓடியது, அதில் எத்தனை சுற்றில் படி தீர்ந்து நிறுத்தப்பட்டது என இரண்டு எண்ணிகள். ஒவ்வொரு நோடிலும் ஓடும் குபெர்னெட்டிஸின் முகவரான கியூப்லெட்டுக்குள் இருக்கும் சிஅட்வைசர் என்ற பகுதி அவற்றை வெளியே தருகிறது, ப்ராமிதியஸ் சேமிக்கிறது. ஆரம்பத்திலிருந்தே அங்கேதான் இருந்திருக்கின்றன. நான் தரவிறக்கிப் போட்ட ஆயத்த டாஷ்போர்டில் மட்டும் அவை இல்லை. மறுநடத்தலின்போது ஒன்றை ஒன்றால் வகுத்துப் பார்த்தேன். 430 சுற்றுகளில் 400-க்கு மேல் நிறுத்தம். கெர்னல் ஒவ்வொரு சுற்றாக எண்ணுவதால் இந்த எண் சராசரிக்குள் கரைந்துபோகாது. சிபியு சதவீதத்தை எடுத்துவிட்டு இதை வைக்க வேண்டும் என்றில்லை, ஆனால் இது இல்லாத கன்டெய்னர் டாஷ்போர்டை இனி நான் நம்பமாட்டேன். படி இருந்தும் தேவையில்லாமல் நிறுத்தும் ஒரு கெர்னல் பிழையும் ஒருகாலத்தில் இருந்தது, 2019-இல் 5.4 கெர்னலில் சரிசெய்யப்பட்டது. எங்கள் நோடுகளில் அதைவிடப் புதிய கெர்னல் என்று உறுதிசெய்துகொண்டு மேலே போனேன்.

இனி 137-க்கு வருகிறேன். ரசீது பாட்டுக்கு உயிர்ச்சோதனை வைத்திருந்தேன். குபெர்னெட்டிஸ் இயல்பாக 10 வினாடிக்கு ஒருமுறை கேட்கும், ஒரு வினாடிக்குள் பதில் வேண்டும், தொடர்ந்து மூன்று முறை தவறினால் பாட்டைக் கொன்று புதிதாக எழுப்பும். கைகட்டி நிற்கும் பாட் ஒரு வினாடிக்குள் எப்படிப் பதில் சொல்லும்? மூன்று முறை தவறியது. முடித்துக்கொள் என்ற மென்மையான சமிக்ஞை போனது. கணக்கை முடித்துக்கொண்டு கிளம்பவும் சிபியு வேண்டுமே, அதுவும் இல்லை. 30 வினாடி அவகாசம் தீர்ந்ததும் ஒன்பதாம் சமிக்ஞை. 137. அந்த நேரத்தில் பாதி அடித்த ரசீதுகள் போயின. காத்திருந்தவர்கள் மறுபடி அழுத்தினார்கள், அதில்தான் இரட்டை எண்கள் விழுந்தன. புதிதாக எழுந்த ஜாவாவுக்குத் தன்னைச் சூடேற்றிக்கொள்ளவே சிபியு நிறைய வேண்டும். என் மடிக்கணினியில் 12 வினாடியில் எழும் சேவை அரை கோர் படியில் எழ 50 வினாடி எடுத்தது. அதற்குள் அடுத்த பகுதிக்கு வாட்ஸ்அப் போய்விடும். நோயாளிக்குச் சிகிச்சை என்று நான் எழுதிவைத்ததே அவரைத் திரும்பத் திரும்பக் கீழே தள்ளியது.

சரிசெய்தது பல அடுக்காக நடந்தது. லிமிட்டை எடுத்ததைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். ரசீதுச் சேவையின் சிபியு லிமிட்டை நீக்கினேன், ரிக்வெஸ்டை வைத்துக்கொண்டேன். நோடு நெருக்கடியில் இருக்கும்போது யாருக்கு எவ்வளவு பங்கு என்பதை ரிக்வெஸ்ட்தான் தீர்மானிக்கிறது. நெருக்கடி இல்லாதபோது சும்மா கிடக்கும் கோரை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். நினைவக லிமிட்டைத் தொடவில்லை. சிபியு போதாவிட்டால் மெதுவாகும். நினைவகம் போதாவிட்டால் யாராவது சாக வேண்டும், அதனால் அந்த வேலி இருந்தே ஆகவேண்டும். பல வாடிக்கையாளர்கள் ஒரே கிளஸ்டரை, அதாவது நோடுகளின் தொகுப்பை, பகிரும் இடத்தில் சிபியு லிமிட்டை எடுக்கச் சொல்லமாட்டேன். எங்கள் நோடுகளில் இருப்பவை எல்லாம் எங்கள் சேவைகள். அதனால் துணிந்தேன்.

இதில் ஜாவாவின் இன்னொரு குணமும் வெளிவந்தது. ஜாவா 10 முதல் அது கன்டெய்னரின் லிமிட்டைப் பார்த்துத் தன்னிடம் எத்தனை கோர் என்று முடிவு செய்கிறது. அரை கோரை ஒன்றாக எடுத்துக்கொண்டு, பயன்படாத நினைவகத்தை மீட்கும் குப்பை சேகரிப்பான்களில் ஒற்றை இழையில் ஓடுவதைத் தேர்ந்துகொண்டிருந்தது. லிமிட் போனதும் அதுவும் மாறியது. கோ மொழிப் பதிவுச் சேவையில் கதை தலைகீழ். லிமிட் என்னவானாலும் நோடில் உள்ள நான்கு கோரையும் தனக்கென்று நினைத்துக்கொள்ளும். 2025 ஆகஸ்டில் வந்த கோ 1.25 பதிப்புதான் சிகுரூப் லிமிட்டைத் தானாகப் பார்க்கத் தொடங்கியது. அதற்கு மாறினேன்.

ஆனால் அதிக பலன் தந்தது எந்த அமைப்பு மாற்றமும் இல்லை. ட்ரேஸில் எழுத்துரு ஏற்றும் பட்டை ஏன் ஒவ்வொரு ரசீதிலும் இருக்கிறது என்ற கேள்விதான். பெயரைத் தமிழிலும் அச்சடிக்கிறோம். 'கொ' என்று எழுத ஒற்றைக்கொம்பை முன்னாலும் காலைப் பின்னாலும் போட வேண்டும், அதற்கான விதிகள் எழுத்துருக் கோப்புக்குள் இருக்கின்றன. என் நிரல் ஒவ்வொரு ரசீதுக்கும் அந்தக் கோப்பை முதலிலிருந்து திறந்து, விதிகளைப் படித்து, மூடிக்கொண்டிருந்தது. சேவை தொடங்கும்போது ஒருமுறை படித்து வைத்துக்கொள்ளும்படி மாற்றினேன். 200 மில்லிவினாடி 60 ஆனது. வேலியை அகலமாக்குவதற்கு முன்னால், உள்ளே நடக்கும் வீண் வேலையைத் தேடியிருக்க வேண்டும்.

பிறகு, எண் கொடுப்பதையும் ரசீது அடிப்பதையும் பிரித்தேன். எண் உடனே திரையில் வரும், ரசீது வரிசையில் நின்று அடுத்த சில வினாடியில் வரும். பொத்தானை எத்தனை முறை அழுத்தினாலும் ஒரே எண் வரும்படி ஒவ்வொரு படிவத்துக்கும் ஓர் அடையாளம். உயிர்ச்சோதனையைத் தளர்த்தி, எழும் நேரத்துக்குத் தனிச் சோதனை. தானாகப் பாட்களைக் கூட்டும் வசதியை நம்பவில்லை. அது 15 வினாடிக்கு ஒருமுறை சராசரியைப் பார்த்து முடிவெடுத்து, புதுப் பாட் எழுந்து நிற்பதற்குள் சாட்ஸ்வொர்த்தின் அலை அடித்து ஓய்ந்துவிடும். வருகிற கூட்டம் எப்போது வரும் என்று நமக்கே தெரியும்போது மாலை ஐந்தே முக்காலுக்கே மூன்று பாட்களை எழுப்பி வைப்பதுதான் முறை. பந்திக்கு ஆள் உட்கார்ந்த பிறகு யாரும் உலை வைப்பதில்லை.

நடுவில், நன்கொடைக்கான வங்கி அட்டைச் சேவையை அழைக்கும் இடத்தில் ஒரு சிறு தாமதம் கண்ணில் பட்டது. குபெர்னெட்டிஸ் பாட்களில் ஐந்து புள்ளிக்குக் குறைவாக உள்ள இணைய முகவரிப் பெயரை முதலில் கிளஸ்டருக்குள் தேடும்படிதான் இயல்பான அமைப்பு. வெளி முகவரி ஒவ்வொன்றுக்கும் மூன்று நான்கு வீண் தேடல்கள் போன பிறகே சரியான தேடல் போகிறது. பெயரின் இறுதியில் ஒரு புள்ளி வைத்தேன், நின்றது.

ஒரு தவறை விரிவாகச் சொல்ல வேண்டும். யாருடைய பதிவு மெதுவாகிறது என்று பார்ப்பதற்காகப் பதிவு எண்ணையும் கைப்பேசி எண்ணையும் அளவீடுகளில் லேபிளாகச் சேர்த்திருந்தேன். ப்ராமிதியஸ் ஒவ்வொரு லேபிள் மதிப்புக்கும் ஒரு தனித் தொடரை நினைவகத்தில் வைத்துக்கொள்ளும். கூடைகளோடு பெருக்கினால் ஒரு மறுநடத்தலுக்குப் பல ஆயிரம் தொடர்கள். நாலாவது மறுநடத்தலில் ப்ராமிதியஸ் பாட்டே நினைவகம் தீர்ந்து செத்தது. இந்த முறை நிஜமாகவே ஓஓஎம்கில்டு. அதைச் சரிசெய்துகொண்டிருந்தபோது அக்கா வீட்டுக்கு வந்திருந்தார். ட்ரேஸ் திரையில் பெயரும் எண்ணும் ஓடுவதைப் பார்த்துவிட்டு, "இது யாருக்கெல்லாம் தெரியும்?" என்று கேட்டார். கிளஸ்டருக்குள் நுழையும் அனுமதி உள்ள யாருக்கும் தெரியும் என்றேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அவருடைய கொள்ளுத்தாத்தா ஒப்பந்தக் கூலியாக மெட்ராஸிலிருந்து கப்பலேறியவர். 1860 நவம்பர் 16 அன்று ட்ரூரோ கப்பல் டர்பனில் கரைசேர்ந்ததற்குப் பிறகு வந்த ஒவ்வொருவருக்கும் ஓர் எண் கொடுத்துத்தான் கரும்புத் தோட்டத்துக்கு அனுப்பினார்கள். அந்த எண்ணை வைத்துத்தான் அவர் தன் குடும்பத்தின் ஊரைக் கண்டுபிடித்தார். "பேரும் நம்பரும் லேசுப்பட்டது இல்ல தம்பி. தேவையில்லாத இடத்துல எழுதி வைக்காதே" என்றார்.

தென்னாப்பிரிக்காவின் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டமான போப்பியாவை 2021 ஜூலை 1 முதல் எல்லாரும் கடைப்பிடித்தாக வேண்டும். அலுவலக வேலையில் நான் அதற்குப் படிவம் படிவமாக நிரப்புகிறேன். கோயில் செயலியில் மறந்துவிட்டேன். அன்றே லேபிள்களை நீக்கினேன், ட்ரேஸ்களில் பெயர், எண் எதுவும் வெளியேறாதபடி ட்ரேஸ்களைத் திரட்டும் இடத்திலேயே வெட்டினேன், பழையவற்றை அழித்தேன். இப்போது லேபிளில் இருப்பது பகுதியின் பெயர் மட்டும். மெதுவாவது சாட்ஸ்வொர்த்தா மெர்பேங்கா என்று தெரிந்தால் எனக்குப் போதும்.

கண்காணிப்பு கிளஸ்டருக்குள்ளேயே இருந்தால் கிளஸ்டர் விழும்போது அதுவும் சேர்ந்து விழும். அதனால் கோயில் அலுவலகத்தில் ஒரு ராஸ்பெரி பை வைத்தேன். கைப்பேசி டேட்டாவில் 30 வினாடிக்கு ஒருமுறை முகப்புப் பக்கத்தை வெளியாள் மாதிரி திறந்து பார்க்கும். லோட் ஷெடிங் எனப்படும் மின்வெட்டு நினைவில் இருப்பதால் யுபிஎஸ்ஸில் செருகியிருக்கிறேன். அது தந்த முதல் செய்தியே பயனுள்ளதாக இருந்தது. முகப்பில் இருக்கும் முருகன் படம் இரண்டரை எம்பி. கேப்டவுனிலிருந்து சேவை 90 மில்லிவினாடியில் பதில் தந்தாலும், படம் இறங்கி முடிய ஆறு வினாடி. கோயில் குழுவினர் படத்தை எடுக்கச் சம்மதிக்கவில்லை, எடுக்கவும் வேண்டாம். 180 கேபியாகச் சுருக்கிப் போட்டேன். முருகன் முகத்தில் ஒரு குறையும் இல்லை.

எச்சரிக்கைகள் இரண்டே இரண்டு வைத்தேன். நுழைவாயிலில் பதிவுக் கோரிக்கையின் 99-ஆம் சதமானம் இரண்டு வினாடியைத் தாண்டினால் என் கைப்பேசி அடிக்கும். எந்தச் சேவையாவது கால்வாசிச் சுற்றுகளுக்கு மேல் நிறுத்தப்பட்டால் செய்தி மட்டும் வரும். முன்னது பக்தரின் வலி, பின்னது அதற்குச் சாத்தியமான ஒரு காரணம். வலிக்கு மட்டும்தான் நடுராத்திரி எழுந்திருப்பேன்.

2026-இல் தைப்பூசம் பிப்ரவரி 1, ஞாயிற்றுக்கிழமை. பதிவு ஜனவரி 10, சனிக்கிழமை மாலை ஆறு மணிக்குத் திறந்தது. இந்த முறை வீட்டில் உட்காரவில்லை, கோயில் அலுவலகத்தில் அக்காவுக்குப் பக்கத்து மேசையில் இருந்தேன். ப்ராமிதியஸின் சேமிப்பு நேரம் நம் நேரத்துக்கு இரண்டு மணி பின்னால் இருப்பதால் பதிவுக் கோப்பில் 16:05 என்று சாட்ஸ்வொர்த்தின் அலை எழுந்தது. 99-ஆம் சதமானம் 700 மில்லிவினாடி வரை போய் இறங்கியது. மறுதொடக்கம் ஒன்றும் இல்லை. ஆறரைக்கு ஒரே ஒரு கோரிக்கை நான்கு வினாடி எடுத்தது. ட்ரேஸைத் திறந்தால் அட்டைச் சேவையின் பதில் தாமதம், எங்கள் பக்கம் ஒன்றுமில்லை.

அக்கா செயலியை நம்பினாலும் தன் நோட்டை மூடவில்லை. திரையில் வரும் ஒவ்வொரு எண்ணையும் பெயரோடு மையில் எழுதிக்கொண்டே இருந்தார். எட்டு மணிக்குப் பதிவை மூடியதும் நோட்டை என் பக்கம் திருப்பினார். கடைசி வரியில் 418. தரவுத்தளத்தில் எண்ணினேன். 418.